கொறங்காட்டுல கோழிய மேய விட்டா தீவனச் செலவு நெசமாவே குறையுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

கொறங்காட்டான் | ஏப்ரல் 18, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் நமக்கு ரெண்டரை ஏக்கர் கொறங்காடு (வேலி கட்டுன மேய்ச்சக்காடு) இருக்குதுங்க. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள ஒரு இருவது வெள்வேல மரம், மத்தபடி கொழுக்கட்டைப் புல்லுதான். அப்பா இருந்தவரைக்கும் எருமையும் செம்மறியும் மேஞ்சுது, இப்ப மேய்க்க ஆள் இல்ல, அதனால போன ஆடில சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு எறக்குனேன், பொழச்சு நின்னது 150, அதுல பொட்டை 125. தையில முட்டை பிடிச்சுது. மாசி மாசம் நாளைக்கு 40 முட்டை வரைக்கும் எடுத்தேன், தீவனம் மக்காச்சோளமும் குருணையும் கடலைப் புண்ணாக்கும் நானே அரைச்சுப் போட்டது.

அப்புறம் ஒரு வீடியோ பாத்தேனுங்க. "மேய்ச்சலுக்கு விட்டீங்கன்னா கோழி தானே தேடித் தின்னுக்கும், தீவனச் செலவு ஜீரோ, இயற்கை முட்டைன்னு இருவது ரூவாய்க்கு விக்கலாம்"னு ஒருத்தர் அடிச்சு விட்டுட்டு இருந்தார். நம்பித் தீவனத்தைப் பாதியாக் குறைச்சுட்டு காலைல ஆறு மணிக்கே கதவைத் தொறந்து விட ஆரம்பிச்சேன். ஒரு மாசம் ஆச்சு. இப்ப முட்டை 14, 15தான் வருது. அதை விட வேடிக்கை, ரெண்டரை ஏக்கர் கெடக்குது, ஒண்ணு கூட செட்டுலருந்து முப்பது அடி தாண்டிப் போக மாட்டேங்குது, செவுத்தோரமாவே நின்னு மண்ணைக் கிளறிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்குதுங்க. என்ன தப்பு பண்றேன்?

வைகைக்கரை | ஏப்ரல் 18, இரவு 10.15

அண்ணே மொதல்ல அந்த வீடியோக்காரரு குஞ்சு விக்கிறாரான்னு பாருங்க. பத்துக்கு ஒம்பது பேரு குஞ்சு விக்கிறவய்ங்கதான். தீவனமே வேணாம்னு சொன்னாத்தான உங்களுக்கு குஞ்சு வாங்க ஆசை வரும்.

நான் ஒரே ஒரு வேலை சொல்றேன். சாயங்காலம் அடையுற நேரத்துல பத்து கோழியப் பிடிச்சு கழுத்துக்குக் கீழ தீனிப்பைய அமுக்கிப் பாருங்க. எலுமிச்சம்பழம் சைஸுல கெட்டியா இருந்தா அன்னிக்கு வயிறு நெறைஞ்சுருக்கு. தொளதொளன்னு தண்ணியா இருந்தா பட்டினியில பச்சைத்தண்ணியக் குடிச்சிட்டு அடையுதுன்னு அர்த்தம். எங்க அப்பத்தா தெனம் இப்படித்தான் பாக்கும், தடவிப் பாத்துட்டு "இதுக்கு ஒரு கை நொய் போடு"ன்னு சொல்லும், அது கணக்கு தப்புனதே இல்ல.

அம்மிணி_தோட்டம் | ஏப்ரல் 19, காலை 6.05

தம்பி வேலிக்குள்ள தேடிப் பாத்தீங்களா? ஆறு மணிக்கே தொறந்து விட்டுட்டா அது எங்க முட்டை வெக்கும்னு நெனச்சீங்க? முட்டை வெக்கிறது பெரும்பாலும் காலைல பத்து, பத்தரைக்குள்ள முடிஞ்சிரும். அந்த நேரத்துல வெளிய இருந்தா பொதரு, வெறகுக் கட்டு, வைக்கப்போரு எது இருட்டா இருக்குதோ அங்க போயி உக்காந்துக்கும். எங்க கோபி தோட்டத்துல ஒரு பொட்டை இருவது நாளுக்கு மேல காணோம், கீரி தூக்கிட்டுப் போயிருச்சுன்னு நானே முடிவு பண்ணி விட்டுட்டேன், ஒரு நாள் பாத்தா வாழைச் சருகுக்குள்ளருந்து ஒம்பது குஞ்சோட கெத்தா நடந்து வருது. நாட்டுக்கோழிக்கு அடை படுக்கிற புத்தி போகாது, அதனால மறைவா வெக்கத்தான் பாக்கும்.

கொறங்காட்டான் | ஏப்ரல் 19, மதியம் 1.30

அக்கா நீங்க சொன்னது பலிச்சுப் போச்சுங்க. கிளுவை வேலி அடியில குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தா மூணு எடத்துல கூடு. ஒண்ணுல 22 முட்டை, ஒண்ணுல 9, மூணாவதுல வெறும் ஓடுதான், எதோ ஒண்ணு வந்து நோகாம குடிச்சுட்டுப் போயிருக்குது. 22ஐத் தண்ணில போட்டுப் பாத்தேன், 13 மெதந்துருச்சு, கெட்டது. முள்ளு கிழிச்சு முழங்கை பூராம் ரத்தம், வீட்டுல ஒரே சிரிப்பு.

ஆனா இதை எல்லாம் சேத்தாலும் நாளைக்கு ஒண்ணு, ரெண்டு முட்டைதான கணக்கு வருது? 40லருந்து 15க்கு வந்ததுக்கு இது மட்டும் காரணம் இல்லீங்களே. ராத்திரி தீனிப்பையும் பாத்தேன். பத்துல ஏழு தொளதொளதான்.

பண்ணை_டாக்டர் | ஏப்ரல் 19, மாலை 7.20

நான் கால்நடை மருத்துவராக இருந்து ரிட்டயர் ஆனவன், இந்தக் கேள்வியை முப்பது வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

மாட்டுக்கு நாலு அறை வயிறு, புல்லுல இருக்கிற நார்ச்சத்தை ஊற வெச்சு நுண்ணுயிரை விட்டு செரிக்க வெச்சுக்கும். கோழிக்கு அந்த வசதி இல்ல. குடல் சின்னது, நார் அப்படியே எச்சமாப் போயிரும். அதனால பசும்புல்லைத் தின்னு கோழி உயிர் வாழும்னு நினைக்கிறது, மனுஷன் கீரை மட்டும் தின்னுட்டு வயல் வேலை பார்க்கிற மாதிரி. மேய்ச்சல்ல கோழிக்குக் கிடைக்கிறது என்னன்னா, கீரையிலருந்து வைட்டமின் ஏ, கருவுக்கு மஞ்சள் நிறம், பூச்சி புழுவுலருந்து நல்ல புரதம், கொஞ்சம் புல் விதை, அரைக்கிறதுக்குச் சின்னக் கல்லு. சக்திக்கு தானியம்தான். நாட்டுக்கோழிக்கே ஒரு நாளைக்கு 80 கிராம் பக்கம் தீனி போகணும், நாமக்கல் லேயருக்கு (கூண்டு முட்டைக்கோழி) 110 கிராம். உங்க 150 உருப்படிக்குக் குறைஞ்சது 12 கிலோ. பாதியாக் குறைச்சுட்டீங்க, அதுவும் எந்த மாசத்துல? பங்குனி, சித்திரை. கொழுக்கட்டைப் புல்லு காஞ்சு வைக்கோலா நிக்கிற நேரம், வெட்டுக்கிளி கூட இருக்காது. அது காட்டுக்குள்ள போய் என்னத்தைத் தின்னும்?

ரெண்டாவது, உங்க தீவனத்துலயே ஒரு ஓட்டை இருக்கு. மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் சேர்ந்தா புரதம் கணக்குல சரியா வர்ற மாதிரி தெரியும், ஆனா மெத்தியோனின், லைசின்னு ரெண்டு அமினோ அமிலம் அதுல கம்மி. மெத்தியோனின் இல்லாம இறகும் வராது முட்டையும் வராது. கம்பெனித் தீவனத்துல அதைப் பவுடரா கலந்துடுவாங்க. நீங்க இயற்கை முறைன்னு போனா அந்தப் பவுடர் கிடையாது, அப்ப எள்ளுப் புண்ணாக்கு (மெத்தியோனின் நல்லா இருக்கும், லைசின் கம்மி), கருவாட்டுத் தூள் (ரெண்டும் இருக்கும், உப்பு மட்டும் பார்த்து வாங்கணும்), கரையான், புழு இப்படித்தான் அடைக்கணும். இயற்கைக் கோழி வளர்ப்புல உலகம் முழுக்க தலைவலி இந்த ஒரு சத்துதான். அமெரிக்காவுல ஆர்கானிக் முட்டைக்கோழிக்கே செயற்கை மெத்தியோனினை ஒரு டன் தீவனத்துக்கு 2 பவுண்டு வரைக்கும் விட்டுக் கொடுத்திருக்காங்கன்னா பாத்துக்குங்க.

வெயிலும் சேர்ந்துக்குது. 38, 40 டிகிரியில கோழி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குமே தவிர தின்னாது.

பொள்ளாச்சி_தென்னை | ஏப்ரல் 19, இரவு 9.50

டாக்டர் சார் தீனியச் சொல்லிட்டார், நான் அந்த முப்பது அடி சமாச்சாரத்துக்கு வர்றேன். கோழி காட்டுப் பறவைங்க. மூங்கில் பொதருக்குள்ள கெடந்த சாதி. பொட்டல்ல நடக்கச் சொன்னா பயப்படும், மேல பருந்து சுத்துதான்னுதான் அதுக்கு எப்பவும் யோசனை. உங்க வெள்வேல மரம் எல்லாம் செட்டுலருந்து எவ்வளவு தூரத்துல இருக்குது? நடுவுல வெறும் காடா இருந்தா தாண்டாது. எனக்கு 4 ஏக்கர் தென்னந்தோப்பு, மேல மட்டை மூடி நெழலா இருக்கிறதால கோழி தோப்பு முழுக்கப் போகும், சாயங்காலம் நானே போய்த்தான் வெரட்டிட்டு வரணும். எருக்குழிய மண்வெட்டில ஒரு பொரட்டு பொரட்டி விட்டீங்கன்னா காண்டாமிருக வண்டோட புழு வெள்ளை வெள்ளையா கட்டை விரல் தண்டிக்கு வரும், கோழிங்க அடிச்சுக்கும். தென்னைக்கும் வண்டுத் தொல்லை கொறையுது, எனக்கு ரெட்டை லாபம்.

உங்களுக்கு நான் சொல்றது, செட்டுக்கும் முதல் மரத்துக்கும் நடுவுல அகத்தி, முருங்கைய ரெண்டு வரிசை நட்டு விடுங்க. அது வளர்ற வரைக்கும் பழைய கட்டில், தென்னை மட்டையில நாலு கால் பந்தல், கொடாப்பு, எது கெடைக்குதோ இருவது அடிக்கு ஒண்ணு போட்டு வைங்க. ஒரு நெழல்லருந்து அடுத்த நெழலுக்கு ஓடிப் போயிக்கும். சவுண்டல் மட்டும் வேண்டாமுங்க, அந்தத் தழையில ஒரு நஞ்சு இருக்குது, ரொம்பத் தின்னா கோழிக்கு ஆகாது.

இன்னொண்ணு. பக்கத்துக் காட்டுல என்ன மருந்து போடுறாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்குங்க. நாலஞ்சு வருசம் முந்தி பக்கத்து வாழைக்காரர் கெழங்கு ஓரமா குருணை மருந்து தூவி இருக்கார், கல்லுன்னு நெனச்சு பொறுக்கித் தின்னு ஒரே மத்தியானத்துல 11 உருப்படி காலை இழுத்துக்கிட்டு செத்துது. ஃபோரேட்ங்கிற குருணை மருந்தை 2020 கடைசியோட தடை பண்ணியாச்சு, ஆனா பழைய டப்பா எவர் வீட்டுப் பரண்ல கெடக்குதோ யாருக்குத் தெரியும். அவர் மேல கோவிச்சு என்ன பண்றது, என் கோழிதான அவர் வாழைக்குள்ள போச்சு.

பச்சைப்பாசி | ஏப்ரல் 20, காலை 8.10

யாரும் அசோலா (தண்ணில மெதக்குற பெரணிச்செடி) பத்தி பேசவே இல்லையே?? நான் ரெண்டு தொட்டி போட்டு தெனம் 5 கிலோ எடுக்குறேன், புரதம் 25 சதவீதம், புண்ணாக்கே தேவை இல்ல, கொறங்காட்டான் அண்ணா இத மொதல்ல பண்ணுங்க தீவனப் பிரச்சனை முடிஞ்சிரும்

பண்ணை_டாக்டர் | ஏப்ரல் 20, காலை 11.00

தம்பி, அசோலா நல்லது, வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த 25 சதவீதம் காய வெச்ச அசோலாவுக்கு. பச்சை அசோலாவுல 94 பங்கு தண்ணி. 5 கிலோ அள்ளுனீங்கன்னா காஞ்ச பொருள் 300 கிராம், அதுல புரதம் 75 கிராம். 150 கோழிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் ரெண்டு கிலோ கிட்ட. உங்க ரெண்டு தொட்டி அதுல நூத்துக்கு நாலு பங்குதான் கொடுக்கும். கரு மஞ்சளுக்கும் ஒரு மாறுதலுக்கும் போடுங்க, புண்ணாக்கை நிறுத்தாதீங்க.

பச்சைப்பாசி | ஏப்ரல் 20, காலை 11.25

ஓ. தண்ணிக்கணக்க நான் யோசிக்கவே இல்ல சார்

வைகைக்கரை | ஏப்ரல் 20, மதியம் 12.40

புரதம் வேணும்னா கரையான் போடுங்கண்ணே, காசு செலவில்லை. பழைய மண்பானையில கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, ஓலைத்துண்டு, சோளத்தட்டை எல்லாம் திணிச்சு தண்ணி தெளிச்சு சாயங்காலம் தரையில தலைகீழா கவுத்திருங்க, புத்து இருக்கிற பக்கமா பாத்து வைக்கணும். விடியக்காலம் தூக்கிப் பாத்தா உள்ள கரையான் அப்பிக்கிட்டு இருக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துரணும், இல்லன்னா மண்ணுக்குள்ள எறங்கிரும். குஞ்சுக்கு இத விட ஒசந்த தீனி கெடையாது. 150 பெரிய கோழிக்கு இது காணாது, அதையும் சொல்லிப்புடுறேன், அப்புறம் டாக்டர் ஐயா கணக்கப் போட்டு என்னையும் உக்கார வச்சிருவாரு.

சித்தவழி | ஏப்ரல் 20, மாலை 5.30

இயற்கைன்னு பேச ஆரம்பிச்சா தடுப்பூசியையும் நிறுத்தணும். நான் ஒரு ஊசியும் போடுறதில்லை. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கீழாநெல்லி, மஞ்சள் அரைச்சு வாரம் ஒரு தடவை தீனில கலந்து கொடுத்தா எந்த நோயும் அண்டாது. மேயுற கோழிக்கு எதிர்ப்பு சக்தி தானா வரும்.

அம்மிணி_தோட்டம் | ஏப்ரல் 20, மாலை 6.15

நானும் ஒரு காலத்துல இப்படித்தாங்க பேசிட்டு இருந்தேன். அரைச்சுக் குடுத்தேன், வேப்பிலை கட்டுனேன், எல்லாம் பண்ணுனேன். ஒரு மாசி மாசம் வெள்ளைக் கழிச்சல் வந்துது. காலைல ஒண்ணு கழுத்தைத் திருகிக்கிட்டு நின்னுது, சுண்ணாம்பு கரைச்சு ஊத்துன மாதிரி எச்சம். அஞ்சு நாள்ல 64 கோழில 7 மிச்சம். குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடும்போது எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசல, அதுதான் எனக்குத் தாங்கல. மருந்து அரைச்சுக் குடுக்கிறதை இப்பவும் விடலை, ஆனா ஊசியும் போடுறேன்.

பண்ணை_டாக்டர் | ஏப்ரல் 20, இரவு 8.00

சித்தவழி அவர்களுக்கு: உங்க மூலிகை மேல எனக்குச் சண்டை இல்ல. ஆனா வெள்ளைக் கழிச்சல் வைரஸ், வந்துட்டா மருந்து கிடையாது. 7ஆம் நாள் கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு, 8ஆம் வாரம் இறக்கைக்கு அடியில ஆர்.டி.வி.கே ஊசி, இந்த ரெண்டும் குறைஞ்சபட்சம். ஐஸ்ல வெச்சு எடுத்துட்டு வரணும், கலக்குனதும் சீக்கிரம் போட்டு முடிக்கணும், பையில வெச்சு வெயில்ல டீ குடிச்சுட்டு வந்தா தண்ணிய குத்துற மாதிரிதான். நம்ம கால்நடைத் துறை வருஷா வருஷம் புறக்கடைக் கோழிக்கு இலவச முகாமே போடுது. ஊசி போட்டா ஆர்கானிக் இல்லன்னு யாரோ கிளப்பி விட்டது. நம்ம நாட்டு ஆர்கானிக் விதியில (என்.பி.ஓ.பி) அந்தப் பகுதியில இருக்கிற நோய்க்குத் தடுப்பூசி போடலாம். கூண்டுல அடைக்கிறதுக்குத்தான் தடை.

(நோயோட பேரு ராணிகேட், அது உத்தரகாண்டுல ஒரு ஊர். அதுக்குத் தடுப்பூசி தயாரிக்கிற நம்ம அரசு நிறுவனம் இருக்கிறது ராணிப்பேட்டையில. சர்வீஸ்ல இருக்கும்போது "ராணிப்பேட்டை நோய்"னு எழுதின ரிப்போர்ட் எத்தனை பார்த்திருக்கேன்!)

ஈசிஆர்_வாசகி | ஏப்ரல் 21, காலை 9.30

நான் கோழி வளர்க்கிறவ இல்ல, வாங்கித் தின்னுறவ, சென்னை. நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். கடையில "ஆர்கானிக் நாட்டுக்கோழி முட்டை"ன்னு ஒண்ணு 22 ரூபாய், பிரவுன் கலர், உடைச்சா கரு நல்ல ஆரஞ்சா இருக்கு. ஊர்லருந்து அத்தை கொண்டு வர்ற முட்டை வெளிர் மஞ்சள்தான். அப்ப கடையில வாங்குறதுதான் ஒரிஜினலா?

நாமக்கல்_லேயர் | ஏப்ரல் 21, காலை 10.45

மேடம் நானே சொல்றேன், தொழில் தெரிஞ்சவன். கரு கலருங்கிறது தீவனத்துல என்ன நிறமி போகுதுங்கிறதுதான். மக்காச்சோளத்தை ஏத்துனா மஞ்சள், செண்டுமல்லிப் பூ, செவப்பு மொளகா இதுலருந்து எடுத்த பவுடரைக் கலந்தா ஆரஞ்சு. கூண்டுக் கோழிக்கும் பத்து, பன்னெண்டு நாள்ல எந்தக் கலர் வேணும்னாலும் கொண்டு வரலாம். ஓடு பிரவுனா வெள்ளையாங்கிறது கோழி ஜாதிய பொறுத்தது, சத்துல வித்தியாசம் இல்ல.

இந்த இழைல எல்லாரும் பேசுறதை நாலு நாளா படிச்சுட்டுத்தான் இருக்கேன். கூண்டு முட்டைன்னா விஷம் மாதிரி பேசுறீங்க. தெனமும் சத்துணவுல லட்சக்கணக்கான புள்ளைங்களுக்கு எந்த முட்டை போகுது? சிறுவிடை வருசத்துக்கு 60, 80 முட்டை வெக்கும், எங்க கோழி 300க்கு மேல. உங்க கணக்குல ஊருக்கே முட்டை போட முடியுமா? மேய்ச்சல் வேண்டாம்னு சொல்லல, ஏழைக்கு கொறைஞ்ச வெலைக்கு முட்டை கெடைக்கிறதை கேவலமா பேசாதீங்க.

சித்தவழி | ஏப்ரல் 21, காலை 11.00

கார்ப்பரேட் கைக்கூலி வந்துட்டாரு

இழைப்பொறுப்பாளர் | ஏப்ரல் 21, காலை 11.20

தனிப்பட்ட தாக்கு வேண்டாம் சித்தவழி. கூண்டு முட்டைய விஷம்னு திட்டி மேல இருந்த ரெண்டு பதிவைத் தூக்கிட்டேன். நாமக்கல் அண்ணன் சொன்னதுல தகவல் தப்பு எதுவும் இல்ல.

கொறங்காட்டான் | ஏப்ரல் 21, மதியம் 2.10

அக்கா (ஈசிஆர்) உங்க அத்தை முட்டை வெளிர் மஞ்சளா இருக்கிறதுக்குக் காரணம் என் காட்டைப் பாத்தா தெரியுமுங்க. சித்திரையில பச்சைன்னு ஒண்ணுமே இல்ல. என்கிட்ட வாங்குற டீச்சர் ஒருத்தங்களும் இதே கேட்டாங்க, "என்னப்பா மாசில மஞ்சளா இருந்துது, இப்ப வெளுத்துப் போச்சு, மாத்திட்டியா"ன்னு. நேத்துலருந்து முருங்கைக் கீரைய கட்டித் தொங்க விட்டிருக்கேன்.

ரைன்கரை | ஏப்ரல் 21, இரவு 11.55

வணக்கம். நான் ஜெர்மனியில ஒரு ஆர்கானிக் முட்டைப் பண்ணையில ஆறு வருஷமா வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். இங்க கடையில முட்டை ஓட்டு மேலயே எண் அடிச்சிருக்கும், 0ன்னு ஆரம்பிச்சா ஆர்கானிக், 1 மேய்ச்சல், 2 கொட்டகைக்குள்ள தரையில விட்டது, 3 கூண்டு. கரு கலரைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை. ஐரோப்பிய விதிப்படி ஆர்கானிக் முட்டைக்கோழின்னா கொட்டகைக்குள்ள சதுர மீட்டருக்கு 6 கோழிக்கு மேல கூடாது, வெளிய ஒரு கோழிக்கு 4 சதுர மீட்டர் இடம், ஒரு தடுப்புக்குள்ள 3000 கோழிதான். கொறங்காட்டான் அண்ணனுக்கு இந்தக் கணக்கைப் போட்டா 150 கோழிக்கு 600 சதுர மீட்டர், அதாவது 15 சென்ட் போதும், அவர்கிட்ட 250 சென்ட் இருக்கு!

ஆனா விதியில இடம் இருக்கேன்னு கோழி போயிடாது. எங்க பண்ணையிலயும் கதவுப் பக்கமேதான் கூட்டம், அங்க புல்லே இல்லாம சேறா கிடக்கும், எச்சம் குவிஞ்சு உருண்டைப்புழு முட்டை மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். அதனால வேகமா வளர்ற மரத்தை வரிசையா நட்டாங்க, மேய்ச்சலை நாலாப் பிரிச்சு ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓய்வு விடுறோம். பறவைக் காய்ச்சல் பக்கத்துல வந்துச்சுன்னா எல்லாத்தையும் உள்ள அடைக்கச் சொல்லி உத்தரவு வரும், அப்ப ஆர்கானிக் கோழியும் வாரக்கணக்கா ஜன்னல் வழியாத்தான் புல்லைப் பார்க்கும். கொடுமையா இருக்கும் அண்ணே, கதவுகிட்ட வந்து நின்னு கத்தும்.

இங்க கேள்வி கேட்கிறது இடத்தை விட தீவனத்தைப் பத்திதான். தின்னுறதுல பெரும்பங்கு தானியம்னா அந்த தானியம் எங்க விளைஞ்சதுங்கிறதுதான் ஆர்கானிக். கடையில வாங்குன மக்காச்சோளத்தைப் போட்டு காட்டுல விட்டா அது மேய்ச்சல் கோழி, அவ்வளவுதான்.

கொறங்காட்டான் | ஏப்ரல் 22, காலை 7.00

ரைன்கரை தம்பி கடைசி வரி ராத்திரி தூங்க விடலைங்க. மில்லுல வாங்குற மக்காச்சோளம் எங்க வெளைஞ்சுது, என்ன அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் அட்டையில "இயற்கை முட்டை"ன்னு எழுதி ஒட்டிட்டு இருந்தேன். இன்னைக்குக் கிழிச்சுட்டு "மேயுற நாட்டுக்கோழி முட்டை"ன்னு எழுதிட்டேன். வெலை ரெண்டு ரூவா கொறைச்சுக் கேப்பாங்க, பரவால்ல.

கொறங்காட்டான் | மே 14, இரவு 8.30

மூணு வாரம் கழிச்சு வர்றேன். செஞ்சது என்னன்னா, தீவனத்தைப் பழையபடி 12 கிலோவாக்குனேன், கடலைப் புண்ணாக்குல பாதிய எடுத்துட்டு எள்ளுப் புண்ணாக்கும் கொஞ்சம் கருவாட்டுத் தூளும். காலைல ஒரு கைப்பிடி மட்டும், மீதிய சாயங்காலம் அஞ்சு மணிக்கு. காலைல வயிறு நெறையப் போட்டா அது எதுக்கு மேயப் போகும், அதுதான் யோசனை. அடைப்பொட்டி செட்டுக்குள்ள இருட்டா இருக்கிற மாதிரி வெச்சு உள்ள ஒரு பிளாஸ்டிக் முட்டையும் போட்டேன். நெழலுக்குப் பழைய கட்டில் ரெண்டு, மட்டைப் பந்தல் அஞ்சு.

கதவு தொறக்கிற நேரத்துலதான் ரோதனை. பத்து மணி வரைக்கும் அடைச்சு வெச்சா முட்டை உள்ளயே விழுகுது, ஆனா பத்துக்கு மேல வெயிலுக்கு அது மேயாது. ஆறுக்கே விட்டா மேயுது, முட்டை வேலிக்குள்ள. இப்ப சேவலையும் முட்டை பிடிக்காத வெடைகளையும் ஆறுக்கு விட்டுட்டு மத்ததை ஒம்பதரைக்கு விடுறேன், சாயங்காலம் நாலுலருந்து இருட்டுற வரைக்கும் நல்லா மேயுது. முட்டை இப்ப 31. எட்டு கோழி அடையில இருக்குது, அதை விட்டுட்டுப் பாத்தா மோசமில்லை.

இன்னொரு சங்கதி. ஞாயித்துக்கெழமை கறிக்கு ஆறு சேவல் கொடுத்தேன். அறுக்கும்போது தீனிப்பைய ஒவ்வொண்ணா ஒரு தட்டுல கொட்டிப் பாத்தேன், கடைக்காரர் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பாத்தார். வேலம்பூ, காஞ்ச வேலங்காயோட விதை, ஆட்டுப் புழுக்கையோ எதுவோ ஒண்ணு, ஒரு மரவட்டை, சின்னக் கல்லு, ஒண்ணுல ஷாம்பு பாக்கெட் மூலை. மத்தது எல்லாம் நான் போட்ட சோளம்தான். பச்சைன்னு ஒரு இணுக்கு கூட இல்ல.

பண்ணை_டாக்டர் | மே 14, இரவு 9.15

அருமை. இந்த மாதிரி தட்டுல கொட்டிப் பார்க்கிற விவசாயி எனக்கு சர்வீஸ்ல பத்து பேர் கூட கிடைக்கல. மழை வந்தப்புறம் இதையே இன்னொரு தடவை செஞ்சு எழுதுங்க. ஷாம்பு பாக்கெட்டை மட்டும் பொறுக்கி எடுங்க, குடல் அடைச்சுக்கும்.

கொறங்காட்டான் | நவம்பர் 6, இரவு 7.45

டாக்டர் ஐயா கேட்டீங்களேன்னு மறுபடியும் வந்தேன், இழை இன்னும் பூட்டலை போல. ஐப்பசி மழை இந்த வருசம் நல்லாப் புடிச்சுது. காடு பச்சைப் பசேல்னு நிக்குது. போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் மழை விட்டதும் ஈசல் கெளம்புச்சு பாருங்க, 140 உருப்படியும் காட்டைச் சுத்தி எகிறி எகிறிப் பிடிச்சுதுங்க, ஒண்ணு தீனிப்பை வீங்கி கழுத்தைத் தூக்க முடியாம உக்காந்துருச்சு. அன்னைக்கு ராத்திரி வெச்ச தீவனம் அப்படியே காலைல கெடந்துது.

நேத்து அஞ்சு சேவல் அறுத்தோம். தட்டுல பச்சைப் புல்லு நுனி, கொழுக்கட்டைப் புல்லு விதை, வெட்டுக்கிளிக் கால், ரெண்டு நத்தை ஓடு, கரையான், கம்பளிப்பூச்சி, சோளம் பாதிக்கும் கம்மி. தீவனம் தானா 12லருந்து பத்து, ஒம்பதரை கிலோவுக்கு எறங்கி இருக்குது, நான் கொறைக்கல, அது மிச்சம் வெக்குது. வருசம் பூரா இப்படி இருக்காதுங்க, கார்த்திகை தாண்டுனா பனியில காடு காய ஆரம்பிச்சிரும். என் நோட்டுல இருக்கிற வரைக்கும் மழை மாசத்துல அஞ்சுல ஒரு பங்கு மிச்சம், கோடையில ஒண்ணும் இல்ல. வேலி ஓரமா அரை ஏக்கர் ஓட்டி மருந்தில்லாம கம்பும் சோளமும் வெதைச்சிருக்கேன், அடுத்த வருசத் தீனில கொஞ்சமாவது என் காட்டுது.

நஷ்டமும் சொல்லிடுறேன், கீரி மூணு பொட்டைய தூக்கிருச்சு, நாய் ஒண்ணு. கீரிக்குக் காவலா இருக்கட்டும்னு நாலு கின்னிக்கோழி வாங்கி விட்டேன்.

அம்மிணி_தோட்டம் | நவம்பர் 6, இரவு 8.20

ஈசல் தின்னு உக்காந்துக்கிட்ட கோழிய நெனச்சு சிரிச்சு மாளலை தம்பி. கின்னி எப்படி? கீரி வந்தா கத்துதா?

கொறங்காட்டான் | நவம்பர் 6, இரவு 8.35

கீரி வந்தாலும் கத்துது அக்கா, பால்காரர் வந்தாலும் கத்துது, மேகம் கறுத்தாலும் கத்துது. மேக்கால தோட்டத்து அண்ணன் நேத்து வேலிகிட்ட நின்னு, நீ அதை விக்கிறியா இல்ல நான் கீரி வாங்கி விடட்டுமான்னு கேட்டுட்டுப் போனாருங்க.